வரையறை தெரிகிறது, கிளாஸ் எழுத வரவில்லை: ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்கை எங்கிருந்து தொடங்குவது?

ஒரு மாணவரிடமிருந்து வந்த கேள்வி சுருக்கமாக இதுதான். பொறியியல் இரண்டாம் ஆண்டு. முதல் ஆண்டில் சி படித்தாயிற்று. லூப், அரே, ஃபங்ஷன் எல்லாம் எழுத வரும். இப்போது ஜாவாவில் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் ஒரு பாடம். என்கேப்சுலேஷன், அப்ஸ்ட்ராக்‌ஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்பிசம் என நான்குக்கும் வரையறை கேட்டால் ஒப்பிக்க முடிகிறது. ஆனால் ஒரு கணக்கைக் கொடுத்து எழுதச் சொன்னால் எந்த கிளாஸ் எழுதுவது, எதை எதற்குள் வைப்பது என்று கை ஓடவில்லை. எப்படிப் படிப்பது, எந்த மொழியில் படிப்பது?

முதலில் ஒன்று. இது உங்கள் குறை இல்லை, பாடம் நடத்தப்படும் வரிசையின் குறை. அந்த நான்கு சொற்களும் விடைகள். எந்தக் கேள்விக்கு விடை என்பதைச் சொல்லாமலே அவற்றைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கேள்வி என் பார்வையில் ஒன்றே ஒன்றுதான்: இந்தத் தரவு கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு? இதைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதைப் பார்ப்போம்.

உங்களுக்குத் தெரிந்த சி-யிலிருந்தே தொடங்கலாம். ஒரு தண்ணீர்த் தொட்டி. அதற்கு ஒரு ஸ்ட்ரக்ட் எழுதுகிறீர்கள்: உள்ளே கொள்ளளவு, இருப்பு என்று இரண்டு எண்கள். கொள்ளளவு 500 லிட்டர், இருப்பு 0. புரோகிராம் வளர்கிறது. பம்ப் ஓடும் ஃபங்ஷன் இருப்பைக் கூட்டுகிறது. வால்வு திறக்கும் ஃபங்ஷன் குறைக்கிறது. கசிவைக் கணக்கிடும் ஃபங்ஷனும் குறைக்கிறது. அறிக்கை அச்சிடும் ஃபங்ஷனில்கூட யாரோ அவசரத்துக்கு இருப்பைத் தொட்டிருக்கிறார்கள். ஒரு நாள் திரையில் தொட்டியின் இருப்பு -3 லிட்டர் என்று வருகிறது. எங்கே தவறு? இருப்பைத் தொட்ட ஒவ்வொரு வரியையும் தேட வேண்டும். 10 இடம் இருந்தால் 10 இடத்திலும் சந்தேகம்.

இப்போது இருப்பை யாரும் நேரடியாகத் தொடக்கூடாது என்று பூட்டிவிடுகிறோம். நிரப்ப ஒரு மெத்தட் (கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்), வடிக்க ஒரு மெத்தட். இருப்பு 0-க்குக் கீழே போகக்கூடாது, கொள்ளளவைத் தாண்டக்கூடாது என்ற விதியை இந்த இரண்டும் காக்கின்றன. தரவும் இந்த மெத்தடுகளும் சேர்ந்த வார்ப்புதான் கிளாஸ், அதிலிருந்து உருவாக்கும் ஒவ்வொரு தொட்டியும் ஒரு ஆப்ஜெக்ட். அடுத்த முறை -3 வந்தால் தேட வேண்டிய இடம் இந்த கிளாஸ் மட்டும்தான். வெளியே 10 ஃபங்ஷன் இருந்தாலும் 100 இருந்தாலும் அங்கே போய்ப் பார்க்கத் தேவையில்லை. இதுதான் என்கேப்சுலேஷன். தரவையும் மெத்தடையும் ஒன்றாகக் கட்டுவது என்ற வரையறை தவறில்லை. ஆனால் எதற்காகக் கட்டுகிறோம் என்பதை அது சொல்வதில்லை. ஒரு விதியைக் காப்பதற்காகக் கட்டுகிறோம்.

ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டர் எதற்கு என்பதும் இங்கேயே விளங்கிவிடும். அந்த விதி ஆப்ஜெக்ட் உருவான கணத்திலிருந்தே உண்மையாக இருக்க வேண்டும். கொள்ளளவு -200 என்று யாராவது தொட்டி கேட்டால் கன்ஸ்ட்ரக்டர் அப்போதே மறுத்துவிட வேண்டும். பிறக்கும்போதே கெட்டுப்போன ஆப்ஜெக்டை எந்த மெத்தடும் பிறகு காப்பாற்ற முடியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். 500 லிட்டர் தொட்டியில் 480 இருக்கிறது. நிரப்பும் மெத்தடிடம் 50 லிட்டர் கொடுத்தால் அது என்ன செய்ய வேண்டும்? எக்ஸப்ஷன் எறியலாம், அதாவது பிழை என்று அறிவித்து வேலையை நிறுத்தலாம். 20 மட்டும் வாங்கிக்கொண்டு மீதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடலாம். 20-ஐ வாங்கிக்கொண்டு, வழிந்த 30 என்ற எண்ணைத் திருப்பித் தரலாம். மூன்றும் விதியைக் காக்கின்றன, ஆனால் மூன்றும் ஒன்றல்ல. நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பேன். வழிவது உண்மையான தொட்டியில் நடக்கக்கூடியதே, அந்த அளவு வேறு எங்காவது தேவைப்படும். இரண்டாவதைத் தொடவே மாட்டேன், 30 லிட்டர் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். இப்படி ஒரு மெத்தடுக்கு முன் உட்கார்ந்து யோசிக்கும் ஐந்து நிமிடம்தான் இந்தப் பாடத்தின் உயிர். வரையறையைப் பத்து முறை படித்தாலும் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஈடாகாது.

கூடவே ஒரு பொறி. எல்லா வேரியபிளையும் பிரைவேட் ஆக்கு (வெளியிலிருந்து தொட முடியாதபடி பூட்டு), ஒவ்வொன்றுக்கும் மதிப்பைத் தர ஒரு கெட்டர், மதிப்பை மாற்ற ஒரு செட்டர் எழுது என்று சொல்லிக்கொடுப்பார்கள். தொட்டியின் இருப்புக்கு எந்த நிபந்தனையும் இல்லாத செட்டர் எழுதினால் முன்பு திறந்து கிடந்த கதவுக்குப் பெயர்ப்பலகை மாட்டியது போலத்தான். -3 மறுபடியும் வரும். செட்டர் எழுதும் முன் வெளியே இருப்பவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவருக்கு வேண்டியது இருப்பை 430 என்று மாற்றுவதா, 50 லிட்டர் வடிப்பதா? பெரும்பாலும் இரண்டாவதுதான். அந்தச் செயலின் பெயரிலேயே மெத்தட் இருக்கட்டும்.

அப்ஸ்ட்ராக்‌ஷன் இதற்குப் பக்கத்து வீடு, அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியில் பொருத்தும் சென்சார் நீரின் உயரத்தைத்தான் தருகிறது, அதனால் உள்ளே லிட்டருக்குப் பதில் உயரத்தைச் சேமிக்கலாம் என்று ஒரு நாள் முடிவு செய்கிறீர்கள். மெத்தடுகள் வெளியே லிட்டரிலேயே பேசினால், உள்ளே மாறியது வெளியே யாருக்கும் தெரியாது. அவர்கள் கோடில் ஒரு வரிகூட மாறாது. மாறக்கூடிய முடிவுகளை ஒரு பகுதிக்குள் மறைத்து வை என்று கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் 1972-இலேயே எழுதினார். அதைச் செய்வதற்கு கிளாஸ் வசதியான கருவி, அவ்வளவுதான்.

சி தெரிந்தவர்கள் மெத்தடைக் கண்டு மிரளத் தேவையில்லை. சி-யில் நிரப்பும் ஃபங்ஷனுக்கு முதல் ஆர்கியூமென்டாகத் தொட்டியின் பாயிண்டரையும் இரண்டாவதாக 50-ஐயும் அனுப்பியிருப்பீர்கள். இப்போது தொட்டியின் பெயரை எழுதி, புள்ளி வைத்து, நிரப்பு என்று கூப்பிட்டு, அடைப்புக்குள் 50 மட்டும் கொடுக்கிறீர்கள். அந்தப் பாயிண்டர் எங்கும் போய்விடவில்லை. புள்ளிக்கு இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது. மெத்தடுக்கு உள்ளே அதன் பெயர் 'திஸ்'. பைத்தானில் அதை ஒளிக்காமல் 'செல்ஃப்' என்று முதல் ஆர்கியூமென்டாகவே எழுத வைக்கிறார்கள். பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979-இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய வேலைக்கு முதலில் 'சி வித் கிளாஸஸ்' என்றுதான் பெயர். 1983-இல் அது சி பிளஸ் பிளஸ் ஆனது. ஆரம்ப காலத்தில் அது சி கோடாக மாற்றப்பட்டு, பிறகுதான் கம்பைல் ஆனது. அதாவது கிளாஸ் செய்வதையெல்லாம் சி-யிலேயே எழுதிக் காட்ட முடியும். ஆயிரம் தொட்டி உருவாக்கினாலும் நிரப்பும் மெத்தடின் கோட் ஒன்றுதான். கொள்ளளவும் இருப்பும்தான் ஆயிரம் ஜோடி.

அடுத்து ரெஃபரன்ஸ். பாடத்திட்டத்தில் இதற்குத் தனித் தலைப்பு இருக்காது, ஆனால் மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். அதனால் இதில் கொஞ்சம் தங்குகிறேன்.

ஜாவாவில் 'அ' என்ற பெயரில் ஒரு தொட்டி உருவாக்குகிறீர்கள். பிறகு 'ஆ' என்ற வேரியபிளை அறிவித்து, அதில் 'அ'-வைப் போடுகிறீர்கள். 'ஆ'-வில் 100 லிட்டர் நிரப்புகிறீர்கள். இப்போது 'அ'-வின் இருப்பு என்ன? 0 என்று சொல்பவர்கள் நிறைய. விடை 100. தொட்டி ஒன்றுதான், அதற்கு இரண்டு பெயர். ஜாவாவிலும் பைத்தானிலும் வேரியபிளுக்குள் ஆப்ஜெக்ட் இல்லை, ஆப்ஜெக்டைக் காட்டும் அம்பு மட்டுமே இருக்கிறது. இந்த அம்புதான் ரெஃபரன்ஸ். சமக்குறி போட்டால் நகலாவது அம்புதான். சி பிளஸ் பிளஸில் அதே வரி தொட்டியையே நகல் எடுக்கும். அங்கே 'அ'-வின் இருப்பு 0-வாகவே இருக்கும். ஒரே மாதிரித் தெரியும் வரி, இரண்டு மொழியில் இரண்டு பொருள்.

இதற்கு ஒரே மருந்து காகிதம். இடப்பக்கம் வேரியபிள்களின் பெயரை எழுதுங்கள். வலப்பக்கம் ஆப்ஜெக்டுகளைக் கட்டமாக வரையுங்கள். ஒவ்வொரு வரி ஓடும்போதும் எந்த அம்பு நகர்கிறது, எந்தக் கட்டத்துக்குள் எண் மாறுகிறது என்று பென்சிலால் மாற்றுங்கள். இரண்டு வாரம் இதைச் செய்தால் பிறகு கண்ணை மூடினாலும் படம் தெரியும். நான் இன்றும் புரியாத கோடைப் படிக்கும்போது இதையே செய்கிறேன்.

படம் மனதில் வந்துவிட்டால் பல குழப்பங்கள் ஒரே அடியில் தீரும். இரண்டு ஸ்ட்ரிங்கை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் ஜாவாவில் ஏன் சில நேரம் சரியாகவும் சில நேரம் தவறாகவும் வருகிறது? அது அம்புகளை ஒப்பிடுகிறது, எழுத்துகளை அல்ல. எழுத்துகளை ஒப்பிட 'ஈக்வல்ஸ்' என்ற மெத்தட் வேண்டும். 'நல்' என்றால் என்ன? எந்தக் கட்டத்தையும் காட்டாத அம்பு; அதில் புள்ளி வைத்து மெத்தடைக் கூப்பிட்டால் புரோகிராம் விழும். ஒரு மெத்தடுக்குத் தொட்டியை அனுப்பினால் உள்ளே நடந்த மாற்றம் வெளியே தெரிகிறது, ஆனால் அந்த மெத்தடுக்குள் அதே பெயருக்குப் புதுத் தொட்டியைக் கொடுத்தால் வெளியே தெரிவதில்லை, ஏன்? அனுப்பப்பட்டது அம்பின் நகல். நகல் அம்பின் வழியே கட்டத்துக்குள் கை வைக்கலாம். ஆனால் நகலை வேறு பக்கம் திருப்பினால் மூல அம்பு திரும்பாது.

முன்பு சொன்ன பூட்டும் இந்த வழியில் உடையலாம். ஒரு கிளாஸ் உள்ளே பிரைவேட்டாக ஒரு லிஸ்ட் வைத்திருக்கிறது. கெட்டர் அந்த லிஸ்டையே திருப்பித் தருகிறது. வாங்கியவர் அதில் எதையும் சேர்க்கலாம், நீக்கலாம். கிளாஸுக்குத் தெரியவே தெரியாது. பிரைவேட் என்பது பெயரைத்தான் மறைக்கிறது, அம்பு வெளியே போய்விட்டால் அது ஒன்றும் செய்ய முடியாது. நகலைக் கொடுங்கள், அல்லது மாற்ற முடியாத வடிவில் கொடுங்கள்.

பாலிமார்பிசத்துக்கு வருவோம். உங்கள் புரோகிராமில் மூன்று வகை சென்சார்: வெப்பம், அழுத்தம், ஓட்டம். படிக்கும் இடத்தில் எந்த வகை என்று பார்த்துப் பிரியும் ஒரு ஸ்விட்ச் ஸ்டேட்மென்ட், அளவைச் சரிசெய்யும் இடத்தில் ஒரு ஸ்விட்ச், அச்சிடும் இடத்தில் ஒரு ஸ்விட்ச், எச்சரிக்கை விடும் இடத்தில் ஒரு ஸ்விட்ச். நான்காவதாக ஒரு சென்சார் வந்தால் நான்கு ஸ்விட்சையும் தேடிப் போய்த் திருத்த வேண்டும். மூன்றைத் திருத்திவிட்டு ஒன்றை மறந்தால் கம்பைலர் பெரும்பாலும் வாய் திறக்காது. இதற்குப் பதிலாக, சென்சார் என்றால் இந்த நான்கு வேலையும் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு இன்டர்ஃபேஸ் எழுதிவிடுகிறோம். ஒவ்வொரு வகையும் தன் நான்கு வேலையைத் தானே வைத்துக்கொள்ளும். அழைக்கும் கோட் 'உன் அளவைச் சொல்' என்று மட்டும் கேட்கும், நீ எந்த வகை என்று கேட்காது. இதுதான் பாலிமார்பிசம். புதிய சென்சார் வந்தால் புதிய கிளாஸ் ஒன்று. பழைய கோடில் மாற்றம் இல்லை. ஒரு வேலையை எழுத மறந்தால் இந்த முறை கம்பைலரே பிடித்துக் கொடுக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் பொறியியல் மாணவருக்கு மனம் ஆறாது, ஆறவும் கூடாது. சி-யில் ஃபங்ஷன் பாயிண்டர் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு கிளாஸுக்கும் அதன் மெத்தடுகளின் முகவரிகள் அடங்கிய ஓர் அட்டவணை. ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன் கிளாஸின் அட்டவணைக்கு ஒரு பாயிண்டரைச் சுமந்துகொண்டிருக்கிறது. மெத்தடைக் கூப்பிடும்போது அந்த அட்டவணையில் பார்த்து, அங்கே உள்ள முகவரிக்குத் தாவுகிறது. சி பிளஸ் பிளஸ் கம்பைலர்கள் வழக்கமாகச் செய்வது இதுதான். அந்த மொழியில் 'வர்ச்சுவல்' என்று எழுதினால்தான் இந்த ஏற்பாடு. எழுத மறந்தால் பேஸ் கிளாஸ் (எதிலிருந்து மற்ற கிளாஸ் உருவானதோ அந்த மூல கிளாஸ்) பாயிண்டர் வழியாகக் கூப்பிடும்போது பேஸ் கிளாஸின் மெத்தடே ஓடும். ஜாவாவில் சாதாரண மெத்தடுகளுக்கு இது தானாகவே உண்டு.

இதற்கு ஒரு விலை உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். புதிய வகை சேர்ப்பது எளிதாகிவிட்டது. ஆனால் ஐந்தாவதாக ஒரு வேலை சேர்க்க வேண்டுமென்றால் எல்லா சென்சார் கிளாஸுக்குள்ளும் போக வேண்டும். ஸ்விட்ச் முறையில் அது ஒரே ஒரு புது ஃபங்ஷன். இந்த இழுபறிக்கு கணினி அறிஞர் ஃபிலிப் வாட்லர் 1998-இல் 'எக்ஸ்பிரஷன் பிராப்ளம்' என்று பெயர் வைத்தார். உங்கள் கணக்கில் எது அடிக்கடி கூடும், வகையா வேலையா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒரு கிளாஸ் இன்னொன்றை எக்ஸ்டெண்ட் செய்து, அதன் தரவையும் மெத்தடுகளையும் தனதாகப் பெறுவதுதான் இன்ஹெரிட்டன்ஸ். அதைக் கடைசிக்குத் தள்ளிவைத்ததற்குக் காரணம் இருக்கிறது. விலங்கு, அதிலிருந்து நாய், பூனை என்று முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறார்கள். அதைப் பார்த்தால் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் என்பதே குடும்ப மரம் வரைவது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நடைமுறையில் நல்ல கோடில் குடும்ப மரங்கள் குட்டையானவை. ஒன்றின் கோடைத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக மட்டும் எக்ஸ்டெண்ட் செய்யாதீர்கள். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. அதிலுள்ள ஸ்டாக் கிளாஸ், வெக்டர் கிளாஸை (வளரக்கூடிய அரே போன்றது) எக்ஸ்டெண்ட் செய்கிறது. விளைவு, கடைசியில் வைத்ததைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்ற ஸ்டாக்கின் அடிப்படை விதியை மீறி, யார் வேண்டுமானாலும் நடுவில் ஒன்றைச் செருகலாம். வெக்டருக்கு அந்த மெத்தட் உண்டு, ஸ்டாக்குக்கும் அது வந்து ஒட்டிக்கொண்டது. உள்ளே ஒரு வெக்டரை வைத்துக்கொண்டு, போடு, எடு என்ற இரண்டை மட்டும் வெளியே காட்டியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

'இது அதில் ஒரு வகையா' என்ற சோதனை மட்டும் போதாது. சதுரம் ஒரு செவ்வகம்தான், கணிதத்தில் சந்தேகமில்லை. ஆனால் செவ்வக கிளாஸில் அகலத்தை மட்டும் மாற்றும் மெத்தட் இருந்தால், சதுரம் அதை எப்படி நிறைவேற்றும்? உயரத்தையும் சேர்த்து மாற்றினால், செவ்வகத்தை நம்பி எழுதிய கோட் ஏமாறும். மாற்றாவிட்டால் சதுரம் சதுரமாக இருக்காது. பேஸ் கிளாஸை நம்பியவர் எதை நம்பினாரோ அதைக் குழந்தை கிளாஸும் காப்பாற்ற வேண்டும். இதை 1987-இல் ஒரு உரையில் எடுத்துச் சொன்ன கணினி அறிஞர் பார்பரா லிஸ்கோவின் பெயரிலேயே இந்த விதி வழங்குகிறது. பார்த்தீர்களா, மறுபடியும் அதே கேள்விதான்: விதியை யார் காப்பது?

எதை எழுதிப் பழகுவது? நூலக மேலாண்மை, மாணவர் பதிவு என்று வழக்கமாகக் கொடுக்கும் பயிற்சிகளில் ஆப்ஜெக்டுகள் சும்மா படுத்துக் கிடக்கும் பதிவேடுகள். அவற்றிடம் காக்க வேண்டிய விதி அதிகம் இருக்காது. நான் சொல்வது சிமுலேஷன். இந்த முறையே அங்கேதான் பிறந்தது. ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர் ஆஸ்லோவில் நார்வே கணிப்பு மையத்தில், நிகழ்வுகளைக் கணினியில் நடத்திப் பார்ப்பதற்காக 1960-களில் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஹெரிட்டன்ஸ் மூன்றும் அதன் சிமுலா 67 என்ற வடிவில் வந்தவை. கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2001-க்கு இருவருக்கும் இதற்காகவே கிடைத்தது.

அதனால் நம் தொட்டியையே வளர்த்துக்கொண்டு போங்கள். இரண்டு தொட்டி, நடுவில் ஒரு பம்ப், ஒரு வால்வு. ஒவ்வொரு சுற்றும் ஒரு வினாடி. முதலில் கிளாஸே இல்லாமல், சி-யில் எழுதுவதைப் போல எழுதுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள், வலி தெரியாமல் மருந்தின் அருமை தெரியாது. பிறகு தொட்டியை மட்டும் கிளாஸ் ஆக்குங்கள். நிரம்பிய தொட்டி, காலித் தொட்டி, சரியாக விளிம்பு வரை நிரப்புவது என்று நான்கைந்து சோதனைகளை எழுதி ஓட்டுங்கள். பிறகு உங்களுக்கு நீங்களே மாற்றம் கொடுங்கள்: ஒரு தொட்டி மணிக்கு 2 லிட்டர் கசிகிறது, இருப்பு 90 சதவீதம் தாண்டினால் பம்ப் நிற்க வேண்டும், மூன்றாவது தொட்டி வருகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எத்தனை கிளாஸைத் திறக்க நேர்ந்தது என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டு என்றால் பிரித்தது சரி. ஐந்தாறு என்றால் பொறுப்பு தவறான இடத்தில் இருக்கிறது. மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரே புரோகிராமை மூன்று தடவை பிரித்து எழுதினால் வரும் தெளிவு, முப்பது சின்னப் புரோகிராமைப் பார்த்து எழுதினால் வராது.

மொழி எது என்று கேட்டிருந்தீர்கள். பாடத்தில் ஜாவா என்றால் ஜாவாவிலேயே இருங்கள், இரண்டு மொழிக்கு நடுவில் அலைய வேண்டாம். ஆனால் ஜாவா தொடக்கத்திலேயே ஒரு தொல்லை தரும். வழக்கமாக எழுதும் 'மெயின்' மெத்தட் ஸ்டாட்டிக், அதாவது எந்த ஆப்ஜெக்டையும் சேராமல் கிளாஸையே சேர்ந்தது. அதற்குள்ளிருந்து உங்கள் மெத்தடை நேராகக் கூப்பிட்டால், ஸ்டாட்டிக் இல்லாததை ஸ்டாட்டிக் இடத்திலிருந்து அழைக்க முடியாது என்று கம்பைலர் எரர் காட்டும். பெரும்பாலோர் அந்த மெத்தடின் முன்னால் ஸ்டாட்டிக் என்று சேர்த்துவிடுகிறார்கள். எரர் போய்விடும். பிறகு வேரியபிளுக்கும் அதே எரர், அதற்கும் ஸ்டாட்டிக். கடைசியில் புரோகிராம் முழுவதும் ஸ்டாட்டிக். ஒரு ஆப்ஜெக்டும் இல்லை, ஜாவா உடையில் சி எழுதியிருப்பீர்கள். அந்த எரர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறது: நிரப்பு என்கிறாய், எந்தத் தொட்டியை? மெயினுக்குள் ஒரு தொட்டியை உருவாக்கி, அதன் பெயருக்குப் பின் புள்ளி வைத்துக் கூப்பிடுங்கள்.